ரசம் தாங்காத கை

இன்று மதியம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் நல்ல கூட்டம்.

நான் பயோமெடிக்கல் எஞ்சினியரிங் கடைசி வருடம். புராஜெக்டுக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த செயற்கை வலது கை, என் பைக்குள் அடங்காமல் விரல்களை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எதிரே ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். அவருக்கு வலது மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டே என் பையைப் பார்த்தார்.

“நீங்க செஞ்சதா?”

“ஆமாக்கா, யுனி புராஜெக்ட்.”

“என்னென்ன செய்யும்?”

“பாட்டில் பிடிக்கும், பந்து பிடிக்கும். ஸ்பூன்கூட பிடிக்கும்க்கா,” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“ஸ்பூன நானே பிடிக்கிறேனே. சோறு பிசையுமா?”

என் விரல்களில் அப்போது சாம்பார் வழிந்துகொண்டிருந்தது.

நாங்கள் டெஸ்ட் செய்த பொருட்களில் முள்கரண்டிகூட இருந்தது. சோறு இல்லை. இத்தனைக்கும் நான்கு பேருமே தினமும் கையால் சாப்பிடுகிறவர்கள்.

“அத இன்னும் டெஸ்ட் பண்ணலக்கா.”

“பண்ணிப் பாருங்கலா. பிசைஞ்சா சொல்லுங்க, நான் வரேன்,” என்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

உடனே எங்கள் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். மோட்டார் வேலையைப் பார்க்கும் கவினிடமிருந்து பதில் வந்தது: “சோறு ஓகே. ரசம் வேணாம்லா, மோட்டார் செத்துரும்.”

ரசம் ஊற்றாமல் எழுந்துவிடுங்கள் என்று அந்த அக்காவிடம் யார் சொல்வது?

மோட்டாருக்குள் ரசம் இறங்காமல் தடுக்க வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். மோருக்கும் சேர்த்து.