ஆசீர்வாதத்துக்கு முன்பு ஏலம்

எங்கள் சபையில் பிரசங்கத்தைவிட அறிவிப்புகள் நீளம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் நான் சென்னையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியனாக இருந்தேன். ஞாயிறு விடியற்காலைப் பேருந்தில் காஞ்சிபுரம் வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு, அம்மாவோடும் அக்காவோடும் கோயிலுக்குப் போய் உட்காருவேன். வாரம் முழுவதும் பிறர் எழுதியதை வெட்டிச் சுருக்கும் வேலை பார்த்தவனுக்கு வாரக் கடைசியில் கிடைத்த தண்டனை அது.

அறிவிப்புகளை வாசிப்பவர் சபைச் செயலாளர். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அழுதுகொண்டே வருகிறவர்களின் நீண்ட வாக்கியங்களை நான்கைந்து சொற்களாக நறுக்கிக் கொடுத்தே காலம் கழித்தவர். அங்கே மிச்சம் பிடித்த சொற்களையெல்லாம் எங்களிடம் செலவழித்தார்.

"செவ்வாய்க்கிழமை மாலை பெண்கள் ஐக்கியக் கூட்டம் நடைபெறும். செவ்வாய் என்றால் வருகிற செவ்வாய். போன வாரமும் இப்படித்தான் சொன்னேன், சிலர் வரவில்லை. யார் யார் என்று சொல்ல விரும்பவில்லை." சொல்லிவிட்டு, பெண்கள் பக்கத்து மூன்றாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார். புதன்கிழமை பிள்ளையார்பாளையத்தில் வீட்டு ஜெபக்கூட்டம். அது தறி போட்ட வீடு, ஆகையால் வருகிறவர்கள் தறிக்குழியில் காலை விட்டுவிடாமல் பார்த்து உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி. சென்ற வாரம் ஆர்மோனியத்தின் மேல் யாரோ காப்பி டம்ளரை வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தென்னேரிக்கு உல்லாசப் பயணம். சோறு கட்டிக்கொண்டு வர வேண்டும், புளிச்சோறு விரும்பத்தக்கது.

இதைச் சகிக்க முடியாமல் ஒரு முறை என் செலவில் அறிவிப்புகளை ஒரே பக்கத்தில் அடங்கும்படி எழுதி, உருட்டச்சில் படி எடுத்து, எல்லார் கையிலும் கொடுத்தேன். செயலாளர் மிகவும் மகிழ்ந்தார். அன்று பீடத்துக்குக் கீழே நின்று அந்தத் தாளை முதல் எழுத்திலிருந்து வாசித்தார். பிறகு ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொன்னார். பிறகு தாளைத் தயாரித்த எனக்கு நன்றி சொன்னார். அன்றைக்குத்தான் எல்லாவற்றிலும் நீளம். அதன் பிறகு நான் சீர்திருத்தத்தில் இறங்கவில்லை.

அக்காவின் கல்யாணம் மட்டும் இதில் வந்து மாட்டாமல் இருந்திருந்தால், இதையெல்லாம் ஒரு சிரிப்போடு மறந்திருப்பேன்.

அக்கா மருத்துவமனையில் நர்ஸ். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார். முந்தைய வருடமே நடக்க வேண்டிய கல்யாணம், அவருடைய விடுப்பு கடைசி நேரத்தில் ரத்தானதால் நின்றுபோனது. இந்த முறை விடுப்பு கிடைத்து வந்துவிட்டார். கல்யாணம் ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அவர் ரயிலேற வேண்டும். "இந்தத் தடவையும் தள்ளினாங்கன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மாவுக்கு அன்று முதல் சரியான தூக்கம் இல்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் ஆயர் எழுந்து, இன்னாரும் இன்னாரும் மணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று வாசிக்க வேண்டும். ஆராதனைக்கு வெளியே வாசித்தால் செல்லாது. அப்படி வாசிக்காமல் கட்டி வைக்கப் பேராயர் தனி அனுமதி தரலாம். அவரோ ஒரு மாநாட்டுக்காகக் கப்பலேறியிருந்தார். மாப்பிள்ளையின் சபையில் மூன்று முறையும் வாசித்தாகிவிட்டது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் நான்கு ஞாயிறு இருந்தது. மூன்று போதும், ஒன்று கையிருப்பு என்று அம்மா தைரியமாக இருந்தாள்.

முதல் ஞாயிறே அந்தக் கையிருப்பு போய்விட்டது. தென்னேரிப் பயணத்தில் பிள்ளைகள் ஏரியில் இறங்கலாமா கூடாதா என்று அறிவிப்பு நடுவே யாரோ கேட்டார்கள். கோயில் இரண்டாகப் பிரிந்தது. முழங்கால் வரை இறங்கலாம் என்றது ஒரு கட்சி. யாருடைய முழங்கால் என்று கேட்டது மறு கட்சி. செயலாளர் இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு இருந்த பொறுமை எங்களுக்கு இல்லை. என் அம்மாவின் பக்கத்தில் உட்காரும் நெசவாளர் வீட்டு அம்மாள் முணுமுணுத்தாள்:

"தெருவுல பாவு நூல நீட்டிப் போட்டாப்ல இழுக்கிறாரேமா மனுசன். பாவாச்சும் வெயில் ஏறறதுக்குள்ள சுருட்டிடுவாங்க."

ஆயருக்கு அடுத்த ஆராதனை முசரவாக்கத்தில். கடிகாரத்தைப் பார்த்தார், அவசரமாக ஆசீர்வாதம் கூறினார், அங்கியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். கல்யாண அறிவிப்பு நின்றுபோனது. அம்மா கேட் வரை ஓடினாள். சைக்கிள் வளைவில் திரும்பிவிட்டது.

அடுத்த இரண்டு ஞாயிறும் அம்மா ஆராதனைக்கு முன்பே ஆயரைப் பிடித்து நினைவுபடுத்தினாள். இரண்டும் ஒழுங்காக வாசிக்கப்பட்டன. மிஞ்சியது ஒன்று. அது அறுப்பின் பண்டிகை ஞாயிறு.

ஊரெல்லாம் கல்யாணப் புடவை வாங்கக் காஞ்சிபுரத்துக்கு வரும். எங்கள் வீட்டில் புடவை எப்போதோ தயார். எதிர்வீட்டு நெசவாளர்தான் நெய்து கொடுத்தார். முழு வெள்ளையில் ஜரிகைக் கரை என்றதும் அவர் கையை உதறினார். "வெள்ளையா? கண்ணாலத்துக்கா? இன்னாமா பேசறே? நான் நெய்ஞ்சு குடுத்தேன்னு வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும்." கடைசியில் சந்தன நிறத்துக்குச் சமாதானமானார்கள். மோர், முறுக்கு, வாடகைப் பாய், எல்லாம் ஏற்பாடாகிவிட்டன. அறிவிப்பு மட்டும் பாக்கி.

அறுப்பின் பண்டிகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிராமத்துச் சபைக்காரர்கள் நெல், பூசணி, வாழைத்தார், கோழி கொண்டுவருவார்கள். ஊர்க்காரர்கள் தங்களால் முடிந்ததை வைப்பார்கள். தறி வீடுகளிலிருந்து பட்டு ரவிக்கைத் துண்டு வரும். எல்லாம் பீடத்துக்கு முன் குவிந்து, பிறகு வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் போகும். பழைய வழக்கப்படி ஆசீர்வாதம் முடிந்துதான் ஏலம். ஆனால் ஆசீர்வாதம் வாங்கியவர்கள் ஏலத்துக்கு நிற்காமல் வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். செயலாளர் பதவிக்கு வந்ததும் வரிசையை மாற்றிவிட்டார்: ஏலம் முடிந்த பிறகே ஆசீர்வாதம். ஆசீர்வாதம் இல்லாமல் போக எங்கள் ஜனங்களுக்குப் பயம். வெயிலில் நின்று, வேண்டாத சுரைக்காயைக் கேட்டு வாங்கி, ஆசீர்வாதத்தோடு வீடு திரும்புவார்கள். "ஆசீர்வாதத்தைப் பிடிச்சு வெச்சுக்கினு பூசணிக்கா விக்கிறாரு" என்று நான் அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். கமிட்டியில் எழுதியும் கொடுத்தேன். ஏற்கப்படவில்லை.

அந்த ஞாயிறு சென்னையிலிருந்து ஒரு சிறப்புப் பிரசங்கியாரை அழைத்திருந்தார்கள். அவர் ரூத்தின் கதையை வயலின் முதல் வரப்பிலிருந்து தொடங்கினார். பிறகு செயலாளர் ஏல விதிகளை வாசித்தார். முசரவாக்கத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்து, காலைக் கட்டிப் பீடத்தின் முன் போட்டிருந்த சேவல் ஒவ்வொரு விதிக்கும் ஒரு முறை கூவியது. கடைசியாக ஆயர் எழுந்து கல்யாண அறிவிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு, வாழைத்தாரில் ஏறி, அங்கிருந்து பிரசங்க மேடைக்குப் பறந்தது. பிரசங்கியார் தலையைக் குனிந்துகொண்டார். பாடகர் குழு சிதறியது. ஒருவழியாக அதைப் பிடித்து அங்கியில் ஒட்டிய இறகுகளை ஆயர் தட்டிக்கொண்டிருக்கும்போதே, செயலாளர், "சபையார் ஒழுங்காக வெளியே வந்து ஏலத்தில் பங்குபெறவும்" என்றார். பாட்டு தொடங்கிவிட்டது. எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

"இன்னாடா இது," என்றாள் அம்மா. "நம்மளுத வாசிக்கவே இல்லியே?"

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். "புதன்கெழமை நான் டூட்டிக்குப் போறேம்மா. லீவ கேன்சல் பண்ணிடறேன்," என்றாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஆயரைத் தேடி ஓடினேன். வேப்பமரத்தடியில் பிரசங்கியாருக்கு இளநீர் சீவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த இளநீர் சாய்ந்தது.

"மறந்தே போயிட்டேனே தம்பி. ஆராதனையிலதான வாசிக்கணும்? இப்ப ஆராதனை முடிஞ்சுபோச்சே."

"எங்க முடிஞ்சுது?" என்று பின்னாலிருந்து கேட்டது செயலாளரின் குரல். "ஆசீர்வாதம் கூறியாச்சா? கூறல. கூறாத வரைக்கும் ஆராதனை நடந்துக்கினுதான் இருக்குது. கமிட்டித் தீர்மானம் அப்படித்தான் சொல்லுது. இந்தத் தம்பி அதை எதிர்த்து எழுதிக்கூடக் கொடுத்தாரு." என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது சரி.

ஆயர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் காய்கறி மண்டிக்காரர். மரத்தடியில் ஒரு பெஞ்சின் மேல், அந்தச் சேவலைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் ஆயர்.

"ரெண்டு தரம் சொல்லிட்டேன் ஐயா. இப்ப நிறுத்துனா வெல ஆறிப்போயிடும்."

"நிறுத்துய்யா. ஒரு பொண்ணோட வாழ்க்கை."

மண்டிக்காரர் வாயை மூடினார். சேவலும் மூடியது. ஆயர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு பெயரையும் வாசித்தார். "இது மூன்றாம் முறை. இவ்விருவரும் மணம் செய்துகொள்ளத் தடை ஏதும் உண்டென்று உங்களில் எவராவது அறிந்திருந்தால், இப்பொழுதே தெரிவிக்க வேண்டும்."

தென்னேரியிலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர் கையைத் தூக்கினார்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். ஆயர் புத்தகத்திலிருந்து மெதுவாக நிமிர்ந்தார். "என்ன தடை?"

"தடையா?" என்றார் அவர். "அஞ்சு ரூபா ஐயா. சேவலுக்கு. எங்க மூணாந்தரம் சொல்லிப்புடுவாரோன்னு அப்போலேந்து அது மேலயே கண்ணா நிக்கிறேன்."

சிரிப்பு வெடித்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி அமைதி கேட்டார். "ஒருத்தர் கை தூக்கினது தூக்கினதுதான். இதைக் கமிட்டியில் வைத்து, ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கமிட்டி வருகிற சனிக்கிழமை."

சனிக்கிழமை மாப்பிள்ளை ரயிலில் இருப்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கோயிலிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். கூட்டத்துக்குள் நேராக நடந்துபோய், மண்டிக்காரர் கையிலிருந்த சேவலை வாங்கி, தென்னேரிக்காரர் கையில் திணித்தாள்.

"இந்தாங்கய்யா, சேவல் உங்களுது. என் கல்யாணத்துக்கு ஏதாச்சும் சொல்லணுமா?"

"நல்லாரும்மா," என்றார் அவர் சேவலை அணைத்துக்கொண்டு. "நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்?"

"சார், கேட்டுக்கினீங்களா?" என்று அக்கா செயலாளரின் பக்கம் திரும்பினாள். வார்டில் ஊசிக்கு அழும் பெரிய மனிதர்களிடம் பேசுகிற குரல் அது. "இப்பவே ஐயாவ எழுதிக்கச் சொல்லுங்க. ஆராதனைதான் நடந்துக்கினு இருக்குதே."

ஆயர் அங்கேயே, பெஞ்சின் மேல் புத்தகத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மூணு தரம்!" என்று மண்டிக்காரர் கத்தினார். சேவலுக்கா அறிவிப்புக்கா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்ததாகச் சுரைக்காய் வந்தது. நன்றியில் அம்மா அதைக் கேட்டு வாங்கினாள். எங்கள் வீட்டில் யாரும் சுரைக்காய் சாப்பிடுவதில்லை.

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. தாலி கட்டி, மாலை மாற்றி, ஆயர் ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்தப் போகிற சமயத்தில் செயலாளர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். கையில் தாள். விருந்துக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், செருப்பை எங்கே விட வேண்டும், வெள்ளிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி வழக்கம்போல் உண்டு.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் புதிது. ராணுவ விறைப்போடு நின்றவர், மெல்லக் குனிந்து அக்காவிடம் ஏதோ கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்ததால் அக்காவின் பதில் காதில் விழுந்தது.

"கால மாத்தி நில்லுங்க. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு."