காவல் பெட்டிக்கு ஒரு நாள் லீவு

வீரபாண்டி சாயப்பட்டறை வேலை எனக்கு ஒத்துவரவில்லை. மதியத்தோடு சொல்லிவிட்டுக் கிளம்பி, கையில் ஏறிய நீலம் போகாமலே பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு பழைய இரும்புக் கடை. வாசலில் கிடந்த சாமான்களுக்கு நடுவே தட்டையாக ஒரு கறுப்புப் பெட்டி. அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம். ஓரத்தில் 'தொடாதே' என்று என் பழைய கூட்டாளி ஜாபர் எழுதி ஒட்டிய சீட்டு, பாதி கிழிந்து. எடுத்து முகர்ந்தேன். தூசி வாசனைதான். ஆனாலும் மூக்கு என்னை நேராக அவனுடைய பழைய ஏசி அறைக்குக் கொண்டுபோய்விட்டது.

பனியன் கம்பெனி ஒன்றில் ஜாபரும் நானும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். அவன் பாலிடெக்னிக் முடித்தவன். நான் எட்டாவதோடு ஊர் சுற்றக் கிளம்பியவன். அவனுக்குக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை; கண்ணாடி அறை, குளிர்காற்று, சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. எனக்குக் கூரைக்கும் தகரத்துக்கும் நடுவே அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு வயர் இழுக்கும் வேலை. பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டே கீழே பார்ப்பேன். அவன் அரை வட்டம் சுற்றிக்கொண்டே டீ குடிப்பான். அந்த நாற்காலி மேல் எனக்கு இருந்த ஆசையை என்னவென்று சொல்ல! கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

இணையத்தில் வருவதையெல்லாம் சோதித்து உள்ளே விடுவது அந்தக் கறுப்புப் பெட்டிதான். ஃபயர்வால் என்பான். ஆபீஸுக்கு ஒரு வயர், கட்டிங் பிரிவுக்கு வேறு வயர், இரண்டும் அந்தப் பெட்டி வழியாகத்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"ஏன்டா, ஒரே வயர்ல முடியறத ரெண்டா இழுக்கச் சொல்லி என் முதுகை ஒடிக்கற?"

"ஒரு ரூம்ல தீப்புடிச்சா பக்கத்து ரூமுக்குப் போகக்கூடாதுல்ல, மாப்ள."

"நீ உக்காந்துட்டே தீய அணைப்பே. நான் மேல தொங்கறேன்."

ஆயுத பூஜை வந்தது. தையல் மிஷின்கள் எல்லாம் நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்தாயிற்று. முதலாளி கண்ணாடி அறைக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, வருசம் பூரா காவல் காக்கற பொட்டி. அதுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமுங்களா? கழட்டிச் சாமி முன்னால வைங்க."

"கதவத் தொறந்து போட்ட மாதிரி ஆயிருமுங்க. அப்ப இண்டர்நெட்டையே நிறுத்தீறலாமுங்க."

"ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து மெயில் வருமேப்பா! லைனை நேரா ஆபீஸுக்குக் குடுங்க. பூஜையன்னைக்கு எந்தத் திருடன் வருவான்?"

"அவன் நம்மூர்க்காரன் இல்லீங்களே. அவனுக்கு ஆயுத பூஜை தெரியாதுங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். பெட்டி சாமி முன்னால் போனது.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ஆபீஸ் கம்ப்யூட்டர் அத்தனையும் பூட்டிக்கிடந்தது. திரையில், பணம் கட்டினால்தான் திறக்கும் என்று இங்கிலீஷில் மிரட்டல். கணக்குப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உள்ளதைச் சொல்கிறேனே, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஜாபரை அனுப்பிவிடுவார்கள், நாற்காலி காலியாகும் என்று கணக்குப் போட்டேன்.

கட்டிங் பிரிவுக் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். அளவுப் படங்கள் ஒன்றுகூடக் கெடவில்லை. நடுவில் இருந்த பெட்டியைக் கழற்றியதும் அந்தப் பிரிவு தனித்தீவாகி, ஆபீஸில் பிடித்த தீ அங்கே போக வழியில்லாமல் நின்றுவிட்டது. துணி வெட்டினார்கள், சரக்கும் கப்பலேறியது.

முதலாளி ஜாபரின் தோளில் கைபோட்டார். "தம்பி இல்லீன்னா நம்ம கதை முடிஞ்சிருக்குமுங்க!"

கூரையிலிருந்து அப்போதுதான் இறங்கிய நான், "அந்த ரெண்டாவது வயரை இழுத்தது நானுங்க" என்றேன்.

"அப்படியா கண்ணு? டீ குடிச்சியா?" என்றார்.

அன்றைக்கே வேலையை விட்டேன். மங்கலத்தில் தறி, கணியூரில் தேங்காய் உரிப்பு என்று எங்கெங்கோ சுற்றினேன். ஜாபர் துபாய் போய்விட்டானாம். அங்கேயும் அவனுக்குச் சுழல் நாற்காலிதான் இருக்கும்.

"அந்தப் பொட்டி வந்த கம்பெனில இப்ப கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாமே இண்டர்நெட் வழியா எங்கியோ தூரத்துல இருக்குதாமுங்க, பழைய வயரைப் பிச்செடுக்க ஆள் தேடறாங்க" என்றார் இரும்புக் கடைக்காரர், பெட்டியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து.

மறுநாள் காலை அந்தப் பழைய கம்பெனிக்கே வயர் பிடுங்கப் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடி அறையில் குளிர்காற்று இல்லை, விளக்கு மினுக்கும் பெட்டிகள் இல்லை; அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூலையில் அந்த நாற்காலி. ஏணி வர நேரமாகும் என்றார்கள். சக்கரமெல்லாம் கழன்று, சுழலும் தண்டும் துருப்பிடித்து இறுகிப் போயிருந்ததால் நாற்காலி ஆடாமல் நின்றது. அதை நடுவே இழுத்துப் போட்டு, மேலே ஏறி நின்று, நான் இழுத்த இரண்டாவது வயரை அறுக்கத் தொடங்கினேன்.