மஞ்சள் பாய்ந்த வெண்டைக் கொல்லை

வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாலே இப்போதெல்லாம் எனக்குச் சலிப்பாக வருகிறது. அந்தப் பாழாய்ப்போன கொல்லை நினைவுக்கு வந்துவிடும்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். திண்டிவனத்துக்குத் தெற்கே, பிறத்தியார் கிணற்றடியில் அரைக்காணி நிலத்தை, விளைச்சலில் பங்கு தருவதாக, வாரத்துக்கு எடுத்து அப்பா வெண்டை போட்டிருந்தார். எனக்கு ஏழு வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, புருஷன் அடி தாங்காமல் முகையூரிலிருந்து ஓடிவந்து எங்களோடு இருந்தாள். தண்டச்சோறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று குடம் குடமாகச் சுமந்து செடிக்கு ஊற்றினாள்.

பூ வைக்கும் பருவத்தில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் ஓடியது. பிறகு இலையில் பச்சையே இல்லை. தண்டு வளரவில்லை, காய் வெளுத்து, குட்டையாக, நார் பிடித்துக் கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினார்கள், சாம்பல் தூவினார்கள். என்னத்தைச் சொல்ல, ஊற்றியதையெல்லாம் குடித்துவிட்டுச் செடி அப்படியே நின்றது.

எனக்கோ கொண்டாட்டம். மஞ்சள் செடியை உலுக்கினால் இலைக்கடியிலிருந்து பொடிப்பொடியாக வெள்ளைப் பூச்சிகள் பறந்து, பக்கத்துப் பச்சைச் செடியில் போய் அடையும். பாத்தி பாத்தியாக உலுக்கிக்கொண்டே போவேன். சீக்குச் செடியின் சாற்றை உறிஞ்சிய பூச்சிதான் நல்ல செடிக்கும் நோயை ஏற்றுகிறது, நோய் ஏறிய இலைக்குத் தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளத் தெம்பு போய்விடுகிறது என்பதெல்லாம் என் பிள்ளைகள் படித்து ஆளான பிறகு காதில் விழுந்த சங்கதி. அன்று எங்கள் தெருவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வீட்டுக்குத் தூரமான பெண் கொல்லையில் கால் வைத்தால் பயிர் மஞ்சளித்துப் போகும்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். “நெசத்த சொல்லு. தூரமா இருந்த மூணு நாள்ல அத்தை கொல்லைக்குள்ள வந்துச்சா?”

வந்தாள். உச்சி வெயிலில் நான் செடி உலுக்கிக்கொண்டிருந்தபோது வரப்பில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். நான் மசியவில்லை. “மண்ட காயுற வெயில்ல இன்னாடி பண்ணிக்கினு கீற?” என்று உள்ளே வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். “வந்துச்சு” என்றேன்.

அத்தையும் ஆமாம் என்றுதான் சொன்னாள். எதற்கு வந்தாள் என்று அப்பா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வாரமே முகையூருக்கு ஆள் விட்டு மாமாவை வரவழைத்துவிட்டார்கள்.

மாட்டுவண்டி வாசலில் நின்றது. நான் பின்னாலேயே ஓடிவிடுவேன் என்று அம்மா என் வாயில் வெல்லக்கட்டியைத் திணித்திருந்தாள். வண்டியில் ஏறப்போன அத்தை திரும்பி வந்தாள். முந்தானையால் என் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“அழுவாத கண்ணு. அழுவக் கூடாது.”

என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யாரைச் சொல்கிறாள் என்று விளங்காமல், வெல்லத்தைச் சப்பிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.