இரும்பும் தண்ணீர் முறையும்

தில்லைநாதன் ஒருவனின் கையை மண்வெட்டிப் பிடியால் அடித்து முறித்தார். மகள் துசாந்தினி அதை ஒருபோதும் மறுக்கவில்லை. வழக்குக்கு முன் அவரை அடைத்திருந்த விளக்கமறியல் சிறைக்கு அவள் கொண்டுபோன வலிப்பு மாத்திரையை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உள்ளே வலிப்பு வந்து அவர் செத்துப்போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு, நானாட்டானுக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரின் விவசாயிகளின் கமக்கார அமைப்பு கோடைச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் முறை வகுக்கக் கூடியது. தில்லைநாதனின் வயலுக்கு முறை இல்லையென்றார் தலைவர் குலவீரசிங்கம்.

“உன்ர கொப்பற்ர தேப்பனும் இப்பிடித்தான், பிள்ளை. கை நீட்டுற பரம்பரை. இரத்தத்தில ஊறினது.”

“அந்த வயலுக்குத் தண்ணி விட்டால் சிவப்பாத்தான் ஓடும்,” என்றது பின்வரிசை. சிரித்தார்கள்.

துசாந்தினி ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுப்பவள். அப்பாவின் தலைப் படத்தை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நெற்றி எலும்புக்குப் பின்னால் நெல்மணியளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

“செல் வெடிச்ச இரும்புத் துண்டு. சண்டைக்க, இந்தியாவுக்கு ஓட முதல் பட்டது. கோபத்தை மறிக்கிற இடத்தில கிடக்கு.”

குலவீரசிங்கத்தின் முகம் மலர்ந்தது. “ஐயோ, மனிசன் தலையில வருத்தக்காரனே! முதலே சொல்லியிருக்கலாமே. அப்ப எங்களில ஒரு பிழையும் இல்லை.”

துசாந்தினிக்கு விளங்கியது: அப்பாவுக்காகக் கொண்டுவந்த படத்தில் இவர்கள் கை கழுவுகிறார்கள்.

“இந்தியாவில மண்டபம் அகதி முகாமிலயும் இதே இரும்பு இதே தலைக்குள்ளதான் இருந்தது. அங்க பைப்படியில குடத்துச் சண்டை விலக்கினது அப்பாதான். ஒருத்தரையும் அடிக்கேல்லை. திரும்பி வந்த ஆக்களுக்குக் கடைசித் தண்ணி எண்டு வைச்சது ஆர்? பயிர் கருகக் கருக அவரை வாய்க்கால் வரம்பில நிக்க வைச்சது ஆர்? பிறேக் தேய்ஞ்ச மனிசனைப் பள்ளத்தில தள்ளிப்போட்டு, பிறேக்கில பிழை எண்டுறியள்!”

“மற்ற ஆக்களும்தான் திரும்பி வந்தவை,” என்றார் குலவீரசிங்கம். “ அவை அடிக்கேல்லையே?”

“ஓம். அவையின்ர தலைக்குள்ள இரும்பில்லை. ரெண்டும் சேர்ந்துதான் கையை முறிச்சது. ஒண்டை நான் படம் எடுத்தன். மற்றதை ஆர் எடுக்கிறது?”

கை முறிந்த ஜெகதீபன் எழுந்தான். இன்னும் முழங்கை நிமிரவில்லை.

“அண்டைக்கு அவரின்ர முறைதான். அதுவும் கடைசித் தண்ணி. மடையை மூடச் சொல்லி என்னை அனுப்பினது தலைவர்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. குலவீரசிங்கம் கையைக் காட்டி ஜெகதீபனை இருத்தினார். “சரி, பாவம். பிள்ளையின்ர வயலுக்கு விடுவம்.”

“பாவம் பாத்து வேண்டாம். திரும்பி வந்த எல்லாருக்கும் முறையா வையுங்கோ.”

கை உளைந்தும் அவள் படத்தை இறக்கவில்லை. தலைவர் அதைப் பார்க்காமல் முறையைச் சொல்லத் தொடங்கினார். வாய்க்கால் தலைப்பிலிருந்து வரிசையாக, வந்தவர், இருந்தவர் என்ற பிரிப்பில்லாமல். அப்படிச் சொல்வது அவ்வளவு இலேசாக இருந்தது. போன போகத்திலும் அதே வாய்தான் இருந்தது அவருக்கு.