கோவளத்தில் நிற்கும் வண்டி

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அப்பாவும் நானும் பொத்தேரியிலிருந்து கிளம்பி, செங்கல்பட்டு, மாமல்லபுரம், கோவளம் என்று ஒரு சுற்று சுற்றி வந்தோம். ஒரே நாளில் இந்த வட்டத்தை முடிக்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். ஆனால் நாங்கள் போனது ஊர் பார்க்க அல்ல.

அப்பா ஒரு கார் கம்பெனியில் கதவு பொருத்தும் பிரிவில் இருந்தார். நம் நாட்டுக் கம்பெனிதான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விற்பனை விழுந்ததும் மாதத்தில் பாதி நாளை வேலையில்லா நாளாக அறிவித்துவிட்டார்கள். பிறகு செட்டில்மென்ட் பேச்சு வந்தது. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு விலகுவதா, அல்லது அரசு பணம் கொடுத்துக் கம்பெனியை நிமிர்த்திவிடும் என்று யூனியன் சொல்வதை நம்பி இருப்பதா என்று அவர் திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். கோவளத்து ஜாபர் மாமா (பெயரை மாற்றியிருக்கிறேன்) அப்பாவோடு அதே லைனில் நின்றவர். மூன்று வருடம் முன்பே செட்டில்மென்ட் வாங்கியவர். அவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று அப்பா நினைத்தார்.

நான் பிளஸ் ஒன் வணிகவியல். அரசு காப்பாற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பள்ளி நூலகத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, ஜாபர் மாமாவிடம் பேசித் தீர்ப்பது என்றுதான் கிளம்பினேன்.

காலை 7.10 மின்சார ரயில். செங்கல்பட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. மறைமலை நகரில் ஷிப்டு நேரத்தில் முன்பெல்லாம் கதவருகே நிற்க முடியாது. அன்று எங்கள் பெட்டியில் ஏறியது மூன்று பேர். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. லைன் ஓடாததால் அவரை யார்டுக்கு மாற்றியிருந்தார்கள். விற்காத கார்கள் அங்கே வெயிலில் வரிசையாக நிற்கின்றன. பேட்டரி செத்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, சிறிது நேரம் ஓடவிட்டு, அணைக்க வேண்டும். எல்லாச் சாவியும் அப்பா பொறுப்பில். எங்கும் போகாத வண்டிகளை ஓட்டுகிற டிரைவர் என்று அம்மா ஒரு நாள் கேலி செய்தார். யாரும் சிரிக்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம்; ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இடது பக்கம் உட்கார வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்கிறது.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் பார்க்க ஒருவருக்கு 40 ரூபாய், இரண்டுக்கும் ஒரே டிக்கெட். ரதங்களில் பல முடிக்கப்படாதவை. அரச ஆதரவு நின்றதும் வேலை நின்றிருக்கலாம் என்று எங்கோ படித்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் செதுக்காமல் விட்ட அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "செதுக்கிக்கினு இருந்த ஆளுங்க அப்புறம் எங்க போனாங்கன்னு போட்டுக்கீதா?" என்று கேட்டார். நான் படித்ததில் அது இல்லை.

அங்கிருந்து கோவளம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபது கிலோமீட்டர். முக்கால் மணி நேரம். பிரதான சாலையில் இறங்கி ஊருக்குள் நடக்க வேண்டும். மீன் ஏலம் முடிந்து பனிக்கட்டிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஜாபர் மாமா வீட்டுப் பக்கவாட்டில் நீலத் தார்ப்பாய் போர்த்தி அந்த வண்டி நின்றது. செட்டில்மென்ட் பணம் முழுவதையும் போட்டு அவர் வாங்கியது, அவரும் அப்பாவும் லைனில் சேர்ந்து செய்த அதே மாடல் கார். எப்படிச் செய்தோம் என்று தெரியும், இதைவிட நம்பகமான டாக்சி கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வாங்கினாராம். இரண்டு வருடம் மாமல்லபுரத்துக்கும் விமான நிலையத்துக்கும் நன்றாக ஓடியது. பிறகு ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மோட்டார் போய்விட்டது. அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். உதிரிபாகம் செய்து கொடுத்தவர்கள் பாக்கி வராததால் கடையை மூடிவிட்டார்கள். நாவலூரில் இருந்த சர்வீஸ் சென்டர் இப்போது பிரியாணிக் கடை. ஏழு மாதமாக வண்டி இங்கேயே நிற்கிறது. மாமா கேளம்பாக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி.

"இன்னா மச்சான், யார்டு காத்து ஒத்துக்கலியா? எலும்பாப் பூட்ட," என்றார் மாமா. என்னிடம் காலை நாஸ்தா ஆயிற்றா என்று கேட்டார்.

அப்பா தார்ப்பாயை விலக்கி, முன்கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். லைனில் இருந்த பழக்கம். வீட்டு பீரோவைக்கூட அப்படித்தான் மூடுவார். உப்புக் காற்றில் கீல் இறுகியிருந்தது. மாமாவிடம் ஸ்பானரும் எண்ணெயும் வாங்கி, மண்ணில் முட்டி போட்டு அதைச் சரிசெய்துகொண்டே விஷயத்தைக் கேட்டார்.

விலகாதே என்றார் மாமா. அரசு பணம் கொடுத்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தட்டும், கம்பெனி போய்விட்டால் இந்த வண்டிக்கு ஒரு போல்ட்கூடக் கிடைக்காது என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. ஆட்களை அனுப்பக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் பணம் தர வேண்டும் என்று, படித்ததைச் சொன்னேன்.

மாமா சிரித்தார். "போன தபா சர்க்காருல கம்பெனி வரியத் தள்ளி வச்சாங்களே, அப்பவும் கண்டிசன் இருந்துச்சு பாப்பா. யாரும் என்னை அனுப்பல. நானே போறேன்னு சொல்ல வச்சாங்க."

அப்பா கீலை இன்னொரு சுற்று திருகினார்.

அப்புறம்தான் மாமா கேட்டார். இப்போது யார்டில் நிற்கும் புது மாடலிலும் அதே மோட்டார்தான். "ஒரே ஒரு வண்டில இருந்து கழட்டிக் குடு மச்சான். அத்த எவன் வாங்கப் போறான்?"

"அது என்னுது இல்லடா," என்றார் அப்பா.

"சர்க்காரு குடுக்கப் போற டப்பு மட்டும் அவங்க வூட்டுதா? நீயும் நானும் கட்டுன வரி அது. அத்தக் கம்பெனிக்குக் குடுக்கலாம். எனக்கு ஒரு மோட்டாரு குடுக்கக் கூடாதா?"

வாசலில் டீயோடு வந்த மாமாவின் மனைவி அங்கேயே நின்றுவிட்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கியிருக்கலாம். வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். ஏழு மாதமாக நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வாய் வரவில்லை.

அப்பா ஸ்பானரைத் துடைத்து மாமாவிடம் கொடுத்தார். குழாயில் கையைக் கழுவி, டீயைக் குடித்தார். கதவை இன்னொரு முறை மூடிப் பார்த்தார். சத்தமே வரவில்லை, அவ்வளவு சுத்தமாக மூடியது. மாமா சாலை வரை வந்து எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மோட்டாரைப் பற்றி மறுபடி பேசவில்லை.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். அங்கிருந்து வண்டலூர் பேருந்து. கண்டிகை தாண்டியபோது, என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வெலகிக்கிறேன்னு சொல்லிடப் போறேன்."

யூனியன் இன்னும் பேசிக்கொண்டுதானே இருக்கிறது, அரசு உதவினால் என்ன செய்வீர்கள் என்றேன்.

"சாவி என் கையில கீது," என்றார். "இன்னும் ஒரு மாசம் அங்க இருந்தா கழட்டிடுவேன்."

திங்கட்கிழமை சொல்லிவிட்டார். சாவிக்கொத்தையும் ஒப்படைத்துவிட்டார். இப்போது பொத்தேரி ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். அரசு உதவுமா என்பது இதை எழுதும் நாள் வரை முடிவாகவில்லை. உதவ வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அந்த யார்டில் நிற்பது கார்கள் மட்டும் இல்லை. ஆனால் நானே போகிறேன் என்று சொன்னவர்களைக் கணக்கில் கொண்டுவர எந்த நிபந்தனையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கீழே கருத்தில் எழுதுங்கள். ஜாபர் மாமா அதற்குப் பிறகு அப்பாவுக்கு போன் செய்யவில்லை. அப்பாவும் செய்யவில்லை.

போகிறவர்களுக்கு: ஏழரைக்குள் கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் ரதங்களின் பாறையில் கால் வைக்க முடியாது. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். சனி, ஞாயிறு மாலையில் கடற்கரைச் சாலைப் பேருந்துகள் நிரம்பி வரும், நான்கு மணிக்கு முன் திரும்புவது நல்லது. குடும்பத்தோடு போகிறவர்களுக்காகக் கோவளத்தில் ஒரு நல்ல டாக்சி டிரைவரின் எண்ணை இங்கே கொடுப்பதாக இருந்தேன். இப்போதைக்குப் பேருந்திலேயே போங்கள்.