தலையில்லாத நோயாளி

என் அக்காள் பிசியோதெரபி படித்த முதல் மூன்று ஆண்டுகளில் அவளுடைய பயிற்சிக்குக் கிடைத்த உடல் தங்கையான என்னுடையது. வகுப்பில் அன்று முழங்கையைப் படித்திருந்தால் மாலையில் என் முழங்கை. கணுக்காலைப் படித்திருந்தால் என் கணுக்கால். மட்டாஞ்சேரியில் எங்களுக்கு இருந்தவை இரண்டு அறைகள். ஒன்றில் நான் ஒரு கையில் என் இலக்கியப் பாடநூலைப் பிடித்தபடி படுத்திருக்க, அவள் என் மற்றொரு கையைத் தூக்கியும் திருப்பியும், ஏதோ எண்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். யாரும் என்னைத் தொடுவது எனக்குப் பிடிக்காது. அதைச் சொன்னதில்லை. வலித்தாலும் சொன்னதில்லை, அவளே என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடுவாள்.

இறுதியாண்டில் அவளுடைய கல்லூரிக்கு ஒரு மெய்நிகர் கருவி வந்தது. தலைக்கவசம் போன்ற ஒன்று, கம்பிகள் தொங்கும் ஒரு கையுறை, அவற்றை இணைத்த கணினி. மாநகராட்சி ஊழியரான எங்கள் அப்பா அதை 'ஹெல்மெட்' என்றே குறிப்பிட்டார். இனி மாணவர்கள் நோயாளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று திறப்பு விழாவில் பேசினார்களாம். பேச்சோடு நில்லாமல், வெளிநோயாளிப் பிரிவில் மாணவர்கள் நிற்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்தைக் கருவிக்குக் கொடுத்தார்கள். அன்று முதல் அக்காள் என் கையைக் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவள் என்னையும் அங்கே அழைத்துப்போனாள். கவசம் கழுத்தை அழுத்தியது. உள்ளே சாம்பல் நிறக் கட்டிலில் ஓர் ஆணுடல் கிடந்தது: மார்பு, தோள், கை. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. கையுறையால் அந்தக் கையைப் பற்றி உயர்த்தினால் எடையும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. சரியான கோணத்தை எட்டியதும் பச்சை விளக்கு எரிந்து மணி ஒலிக்கும். தலை எங்கே என்று ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டேன். தலையையும் சேர்த்தால் கணினி நின்றுபோகிறது, தோளைப் படிக்கத் தலை எதற்கு என்று அவர் மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். அக்காளும் சிரித்தாள். பச்சை விளக்கை அதிகமுறை எரியவைத்தவர்களின் பட்டியல் சுவரில் இருந்தது. அவள் பெயர் மேலே இருந்தது. வீட்டுக்கு வந்து, தலையில்லாத நோயாளியைப் பற்றி என் டைரியில் ஒரு பக்கம் எழுதினேன். வாக்கியங்கள் நன்றாக அமைந்தன. அக்காளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இறுதிச் செய்முறைத் தேர்வு அவளுக்கு எவ்வளவு பெரிது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தேவராவில் ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை சொல்லியிருந்தது. முதல் முறையிலேயே தேறிவந்தால் மட்டும்.

தேர்வுக்கு உண்மையான வலி உள்ளவர்களை ஊரிலிருந்தே அழைத்துவருவது அந்தக் கல்லூரியின் வழக்கம். அக்காளுக்கு வாய்த்தவர் மட்டாஞ்சேரிச் சந்தையில் மிளகு மூட்டை சுமக்கும் ஒரு சேட்டன். தோள் இறுகி, கை மேலே போகாதவர். அவருடன் சுமக்கும் இருவர் துணைக்கு வந்து வாசலில் நின்றிருந்தார்கள். எங்கள் தெருவில் வளர்ந்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். சுமைக்காரர் கூட்டாளிகளின் முன்னால் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். சொன்னால் அந்தக் கேலி ஒரு மழைக்காலம் முழுக்க ஓயாது. அக்காளுக்கும் தெரியும். ஆனால் அன்று அவள் தோளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலிக்கிறதா என்று முறைப்படி கேட்டிருக்கிறாள், தோளிடம் கேட்பதுபோல. அவர், "குழப்பமில்ல மோளே, பொக்கிக்கோ," என்றாராம். பரவாயில்லை மகளே, தூக்கிக்கொள். அவள் தூக்கினாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. மணி ஒலிக்கும் கோணத்துக்காகக் காத்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார் எழுந்துவந்து, சேட்டனின் கையிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். எவ்வளவு உயர்த்தினாய் என்று கேட்டார். அக்காள் கோணத்தைச் சொன்னாள். அது சரியான விடைதான். அம்மையார் அவளை, கட்டிலில் படுத்திருந்த அந்த மனிதரின் முகத்துக்கு நேராகத் திருப்பி நிறுத்தினார். உதட்டில் சிரிப்பு இருந்தது. இரு கண்களிலிருந்தும் நீர் காதுவரை வழிந்திருந்தது.

இதையெல்லாம் அக்காள் ஒரே நாளில் சொல்லவில்லை. முதல் நாள் "போச்சு" என்று மட்டும் சொன்னாள். மீதி ஒரு வாரத்தில், துணி மடிக்கும்போதும் சாயா ஆற்றும்போதும், துண்டு துண்டாக வந்தது. எனக்கு அந்தக் கல்லூரியின் மேல் வந்த கோபம் சொல்லி முடியாது. பட்டியலில் முதலில் இருந்தவளைத் தேர்வில் தோற்கடித்துவிட்டு, பட்டியலைச் சுவரிலேயே விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் கோபம் எப்போதும் அங்கேயே நிற்கவில்லை, சில நேரம் என் பக்கமும் திரும்பியது.

"அதுக்குத் தலை இல்லேன்னு நான் அன்னிக்கே கவனிச்சேன்," என்றேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "எல்லாரும்தான் கவனிச்சோம்."

"இல்ல. அது தப்புன்னு கவனிச்சேன். முகம் பாக்கற பழக்கமே போயிரும்னு தோணிச்சு."

"தோணிச்சா? அப்புறம் எந்தா பறயாம இருந்தே?"

"டைரில எழுதினேன்."

"நல்லா எழுதியிருப்பே," என்றாள். அதில் கிண்டல் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுதேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டு என் வலக்கையை அவள் முன் நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் அதைத் தொடவில்லை. "வேண்டாம்டி. உனக்குப் பிடிக்காது. மூணு வருஷமா உன் மூஞ்சியில அதத்தான் பாத்துட்டு இருந்தேன். மிஷின் வந்ததும் எனக்கு அதான் சந்தோஷம், உன்ன விட்டுரலாம்னு."

ஆறு மாதமும் அவள் அடுத்த வீட்டுச் சேச்சியின் தோளில் பயின்றாள். அந்தச் சேச்சி விரல் படுமுன்பே அலறுவார். பிறகு இருவரும் சிரிப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மறுதேர்வில் தேறினாள். தேவராவில் அந்த இடத்துக்கு அதற்குள் வேறொருத்தி வந்துவிட்டிருந்தாள்.