உப்புக் கொட்டகையிலிருந்து ஒரு "கூ"

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். மழை பொய்த்து ஊரெல்லாம் பஞ்சம். எங்கள் ஊர் பசியாவரத்தில் ஏரி இருந்ததால் வயிறு எப்படியோ நிறைந்தது. நைனாவும் மற்ற அப்பாமார்களும் நண்டு பிடித்துத் திரும்பும் வரை, தோழிகள் நாங்கள் ஐந்து பேரும் கரையில் கண்ணாமூச்சிதான்.

அன்று சாயங்காலம் தேடும் முறை என்னுடையது. படகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "வரலாமா?" என்று கத்தினேன். "கூ" என்று பதில் வந்தது. படகுக்கு அடியில் ஒருத்தி, வலைக் குவியலில் ஒருத்தி, தாழம்புதரில் இரண்டு பேர். எல்லோரும் அகப்பட்டு, என் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இன்னொரு "கூ" கேட்டது.

உப்புக் கொட்டகையிலிருந்து! வெளியூர்த் தரகர் ஒருவர் பூட்டி, காவலுக்கு ஆளும் போட்டிருந்த இடம் அது. உள்ளே உப்பு மூட்டைதான் என்று ஊரே நம்பியது. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடி வந்தோம்.

கொட்டகை ஓட்டையில் காற்று புகுந்து ஊதியிருக்கும் என்றார் நைனா. நான் விடவில்லை. மறுநாள் பொழுது சாயும்போது அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"நீயே கூப்ட்டுப் பாரு நைனா. காத்துன்னா பதில் சொல்லாது."

வாசலில் காவல்காரன் தூங்கி வழிந்தான். பின்பக்கச் சுவரோரம் நின்று, கூச்சத்தோடு "வரலாமா?" என்றார் நைனா. பிறகு மெல்லிய "கூ". வேறு மூலையிலிருந்து இன்னொன்று. அப்புறம் சுவர் நெடுக, ஒன்றன்பின் ஒன்றாக.

நைனாவின் பிடி இறுகியது. "உள்ள புள்ளைங்க கீதுங்க" என்றார்.

ஆட்களைக் கூட்டிவந்து பூட்டை உடைத்தார்கள். காவல்காரன் ஓடிவிட்டான். உள்ளே ஒரு பிடி உப்பு இல்லை. அடிமைகளாகக் கப்பலேற்றி விற்பதற்காகக் காட்டூர்ப் பக்கமிருந்து பிடித்துவந்த பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக் கிடந்தார்கள். அழுதால் அடி விழுமாம். "கூ" என்றால், வெளியே விளையாடும் பிள்ளைகள் என்று காவல்காரன் சும்மா இருந்துவிடுவானாம்.

என் வயதுப் பெண் ஒருத்தி தீப்பந்த வெளிச்சத்தில் கண் கூச வெளியே வந்தாள். என்னைப் பார்த்து, "இன்னா, இவ்ளோ நேரமா தேடுவ?" என்று கேட்டாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

இன்றைக்கும் இருட்டுகிற நேரத்தில் "கூ" கேட்டால், வெளியே நிற்கும் தலைகளை எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் கத்தி விளையாடும் பிள்ளைகளை ஒருநாளும் அதட்டியதில்லை. அன்று நாங்கள் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் குரல் கொடுக்க ஒரு விளையாட்டே இருந்திருக்காது.